டிரைவர் சட்டையின் இடது பக்கம்

அவள் உடுத்தும் துணி எதுவும் கடையிலிருந்து நேராக அவளிடம் வந்ததில்லை. மழைக்கோட்டு, ஏழு ஓட்டைக் குடைகளின் துணி. வேலைக்குப் போட்டுப் போகும் சாம்பல் நிறப் பாவாடை, யாரோ ஓர் ஆபீஸ்காரரின் இரண்டு கால்சட்டைகளைப் பிரித்து, நான்கு கால்களையும் அடுத்தடுத்து வைத்துத் தைத்தது. கால்சட்டைப் பைகளை அவள் எடுக்கவில்லை. எனவே பாவாடையில் நான்கு பைகள். ஒன்றில் காய்ச்சல் பார்க்கும் கருவி, ஒன்றில் நகவெட்டி, ஒன்றில் மூக்குக்கண்ணாடி, நான்காவதில் ஒரு பிடி டிச் பட்டன். அழுத்தினால் மூடி, இழுத்தால் திறந்துகொள்ளும் அந்தச் சின்ன உலோகப் பட்டனை அவள் தலையணை உறையில் வைப்பாள், கைப்பையில் வைப்பாள், ஜன்னல் திரையில்கூட வைப்பாள். தெருவில் அவளுக்குப் பெயரே டிச்சக்கா என்றாகிவிட்டது.

தொழில், நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது. இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளர். அதற்குப் பிறகு வீடு வீடாக. தையல் வந்ததும் வார்டிலிருந்துதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், தோள் எலும்பு முறிந்த ஒருவரின் சட்டையைக் கழட்டச் சொன்னார்கள். அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வார்டே எழுந்து உட்கார்ந்தது. கடைசியில் நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்து முதுகில் நேராக ஒரே வெட்டாக வெட்டினார். சட்டை குப்பைக் கூடைக்குப் போனது. நல்ல துணி, அவளுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அலசி, வெட்டின இரண்டு ஓரத்துக்கும் பட்டி கொடுத்து, டிச் பட்டன் வைத்து, மூன்றாம் நாள் அதே ஆளுக்கு முன்பக்கமாகக் கையை நுழைத்து முதுகில் மூடிவிட்டாள். தோள் அசையவே இல்லை. அந்த ஆள் முதலில் கண்ணாடி கேட்டார், அப்புறம் சீப்பு கேட்டார், அப்புறம் சம்சாரத்தை வரச் சொன்னார்.

அதிலிருந்து இந்த வேலையில் அவளுக்குக் கை நன்றாகப் பழகிவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் அலமாரியைத் திறப்பாள், பெரிய சட்டையாக ஒன்றை எடுப்பாள், முதுகை வெட்டுவாள். வீட்டில் தோதாக இல்லையென்றால் சந்தைக்குப் பின்னால் பழைய துணிக்கடை இருந்தது. அந்தக் குவியலுக்குள் அவள் தலையை விட்டால் வெளியே கால் மட்டும்தான் தெரியும். முப்பது பேருக்கு மேல் தைத்துப் போட்டாகிவிட்டது. ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒருவரையும் அவள் கேட்டதில்லை என்பதும் உண்மை. கேட்டதெல்லாம் மனைவியிடம், மகனிடம், மருமகளிடம்.

அப்படித்தான் ஒரு புதன்கிழமை டிரைவர் வீட்டுக்குப் போனாள்.

டிரைவருக்கு எழுபது வயது. முப்பத்தொரு வருஷம் பேருந்து ஓட்டியவர். மூன்று மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. கால் கொஞ்சம் இழுத்தது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

கதவைத் திறந்த அவர் மனைவி முதல் வார்த்தையாக, “உள்ள வாம்மா. ஆனா சிரிச்சுடாதே” என்றார்.

உள்ளே கட்டிலில், பெரிய பெரிய ரோஜாப்பூ போட்ட நைட்டியில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் நாலு நாள் தாடி. பார்வை ஜன்னல் பக்கம்.

டிச்சக்கா சிரிக்கவில்லை. தோளைத்தான் பார்த்தாள். “கழுத்தும் அகலம், கையும் அகலம். நல்ல யோசனைதான் அண்ணி” என்றாள்.

“நல்ல யோசனையா? அப்ப நீ போட்டுக்கோ” என்றார் டிரைவர்.

“நானும் வீட்டுல இதைத்தான் போடறேன்ணே. ஆனா உங்களது துணி உசத்தி.”

சமையலறைக்குப் போனதும் மனைவி விஷயத்தைச் சொன்னார். சட்டை மாட்டப்போனால் தோள் வலியில் துடிக்கிறார். அதனால்தான் நைட்டி. நைட்டியில் இருப்பதால் யாரையும் பார்க்க மாட்டேன் என்கிறார். டிப்போவில் கூட வேலை பார்த்தவர்கள் மூன்று தடவை வந்து, தூங்குகிறார் என்று கேட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். பத்தொன்பது வருஷம் அவர் வண்டியிலேயே கண்டக்டராக இருந்தவர் ஒருவர். ‘ரைட்டு’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நேற்று அவர் போனில் கத்தினாராம்: “சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்ன தூக்கம் அவனுக்கு? நாங்க என்ன ஓட்டு கேட்டா வர்றோம்? ஞாயித்துக்கிழமை வருவோம். கதவு திறக்கலன்னா அதோட சரி, இனிமே வந்து தொந்தரவு பண்ணல.”

“செய்யக் கூடியவர் அவர். சொன்னா சொன்னதுதான்” என்றார் மனைவி. “ஞாயித்துக்கிழமை இவர் மனுஷனா கூடத்துல வந்து உக்காரணும். எனக்கு அவ்வளவு போதும்மா.”

“இன்னும் நாலு நாள் இருக்கே அண்ணி. ஒரு சட்டை விஷயம்தானே.”

டிரைவரைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்தாள். அவர் கண் அசந்ததும் அலமாரியைத் திறந்தாள். ஆறு சட்டைகள், எல்லாம் தேய்த்து மாட்டியிருந்தன. முன்னால் தொங்கிய பழுப்பு நிறத்தை எடுத்து நாற்காலியில் விரித்து, முதுகின் அடியிலிருந்து காலர் வரைக்கும் கத்தரியை ஓட்டினாள். அந்தச் சத்தத்தில் டிரைவர் கண்ணைத் திறந்தார்.

“அது என் சட்டை.”

“ஆமாண்ணே, உங்களுக்குத்தான்...”

“முழுசா இருந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மதியச் சாப்பாடு வைத்த தட்டு வைத்தபடி திரும்பியது. சாயங்காலமும் அதேதான்.

“ஆறையும் மாசாமாசம் எடுத்துத் தேய்ச்சு மாட்டச் சொல்வார், கை சரியானதும் போடணும்னு” என்றார் மனைவி, தட்டைக் கழுவிக்கொண்டே. “நானும் வாயைத் திறக்காம தேய்ச்சு மாட்டறேன். நீ வந்த அன்னிக்கே வெட்டிட்டே. இனிமே கை வராதுன்னு நீயே முடிவு பண்ணிட்டதா நினைச்சுக்கிட்டார்.”

டிச்சக்காவுக்குச் சுரீர் என்றது. முப்பது பேர் அலமாரியைத் திறந்தவள் அவள். அந்த முப்பது பேரில் எத்தனை பேர் இப்படிச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்களோ, அதை அவள் கவனித்ததுகூட இல்லை.

மறுநாள் காலை நேராகக் கட்டிலருகே போய் நின்றாள். “கேக்காம வெட்டினது என் தப்புண்ணே.”

டிரைவர் திரும்பாமலே கேட்டார். “கை வருமா, வராதா?”

“எனக்குத் தெரியாது. சிலருக்கு வருது. சிலருக்குப் பாதி வருது. சிலருக்கு வர்றதே இல்ல. தெரியாததைத் தெரியும்னு நான் சொல்றதில்ல.”

இப்போது அவர் திரும்பினார். “டாக்டரும் இதைத்தான் சொன்னார். ஆனா ஊரைச் சுத்திக்கிட்டு வந்து சொன்னார். கஞ்சி இருக்கா?”

கஞ்சி இறங்கியது. ஆனால் சட்டைக்கு வழி பிறக்கவில்லை. அன்று மாலை பழைய துணிக்கடையில் தேடி, நல்ல மஞ்சள் சட்டை ஒன்றை எடுத்து, முதுகு திறந்து, பட்டன் வைத்து வெள்ளிக்கிழமை கொண்டுவந்தாள்.

“யார் சட்டை இது?”

“தெரியாதுண்ணே. கடையில எடுத்தது.”

“ஆள் இருக்கானா, போய்ச் சேர்ந்துட்டானா?”

“துணி கெட்டியா இருக்கு பாருங்க.”

“கேட்டதுக்குப் பதில் வரல பாரு.” சட்டையைத் தள்ளிப் பிடித்து, பையின் மேல் தைத்திருந்த எழுத்தைக் கூட்டிப் படித்தார். “‘நீச்சல் பயிற்சியாளர்.’ ஏம்மா டிச்சு, என்னைத் தண்ணியில இறக்கி விடற திட்டமா?”

அந்தச் சட்டையும் அதோடு போயிற்று.

அந்த நேரத்தில் மனைவி காப்பித் தம்ளருடன் உள்ளே வந்தார். மேலே டிரைவரின் பழுப்புச் சட்டை. முன்னால் பட்டன் எல்லாம் போட்டிருந்தது. பின்னால் வெட்டின இடம் விரியத் திறந்து கிடந்தது. சமைக்கும்போது எண்ணெய் தெறிக்காமல் இருக்க அதைவிட நல்ல மேலங்கி வேறு கிடையாது. சட்டைப் பையில் ஒரு கரண்டிகூட இருந்தது.

டிரைவர் மேலும் கீழும் பார்த்தார். “என் சட்டையைப் போட்டுக்கிட்டு என்ன பண்றே?”

“என் நைட்டியைப் போட்டுக்கிட்டு நீங்க என்ன பண்றீங்களோ, அதைத்தான்.”

டிரைவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்புதான் என்று தெரிய இரண்டு பெண்களுக்கும் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அவர் டிச்சக்காவைப் பார்த்து, “ஏம்மா, வெட்டாம உனக்கு ஒண்ணுமே பண்ணத் தெரியாதா?” என்றார்.

குத்தலாகச் சொன்னதுதான். ஆனால் டிச்சக்கா அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து நீலச் சட்டையை, இந்தத் தடவை, “எடுக்கட்டுமாண்ணே?” என்று கேட்டு எடுத்தாள். உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். முதுகில் தையல் இல்லை, வெட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் விலாவில் கீழிருந்து அக்குள் வரைக்கும், அங்கிருந்து அரைக்கை முடியும் இடம் வரைக்கும் ஒரே தையலாக ஓடியது.

“வெட்ட வேண்டாம்ணே. இடது பக்கத்தை மட்டும் பிரிச்சிடலாம். கையை நுழைக்கவே வேணாம். மேல போர்த்தி, கீழே பட்டன் போட்டுடலாம்.”

“வெட்டறதுக்கும் பிரிக்கறதுக்கும் என்ன வித்தியாசம்?”

“வெட்டினா வெட்டினதுதான். பிரிச்சா, வேணும்கிறபோது அதே கோட்டுல திரும்பத் தைச்சுடலாம். ஊசி போன ஓட்டைகூட அப்படியே இருக்கும்.”

டிரைவர் யோசித்தார். “அதாவது, போல்ட்டைக் கழட்டறது. அறுத்து எடுக்கறது இல்ல.”

“அதேதான்.”

“இதை முதல் நாளே சொல்றதுக்கு என்ன?”

“முதல் நாள் நான் உங்களைக் கேக்கவே இல்லையேண்ணே.”

“சரி, பிரி. நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்.”

பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க அவள் விடவில்லை. ஆண்கள் சட்டையின் விலாத் தையல் மடித்து மடித்து இரட்டையாகப் போட்டது, லேசில் விடாது. துணியை ஒருவர் இழுத்துப் பிடித்தால்தான் இன்னொருவர் பிரிக்க முடியும். “வலது கை சும்மாதானே இருக்கு, இழுத்துப் பிடிங்க” என்றாள். பிடித்தார். ஸ்டியரிங் பிடித்த கை. பிடி விறைப்பாக இருந்தது. அவள் தையல் பிரிக்கும் கொக்கியால் ஒவ்வொரு நூல் கண்ணாக அறுத்து வர, அவர் நூலை உருவி உருவிப் போர்வையின் மேல் போட்டார். நடுவில் இரண்டு தடவை, “மெதுவா, துணி போயிடும்” என்று அதட்டலும் வந்தது.

பிரித்த ஓரத்துக்கு உள்பக்கம் வைக்கும் பட்டிக்கு மெத்தென்ற துணி வேண்டும். புதுத் துணி தோலை அறுக்கும். பல தடவை துவைத்து நைந்த துணி அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. நைட்டியின் அடியிலிருந்து நாலு விரல் அகலத்துக்கு ஒரு சுற்றுக் கிழித்தாள். “ரோஜாப்பூ வெளியே தெரியுமா?” என்று டிரைவர் கேட்டார். “உள்ளேதான் இருக்கும்” என்றாள். விலாவில் ஏழு, கையில் மூன்று என்று பத்து டிச் பட்டன் வைத்தாள். அக்குளில் மட்டும் நாலு விரல் இடம் விட்டாள். அங்கே உலோகம் இருந்தால் மடங்கிய கைக்குக் கீழே புண் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்கு டிரைவர் முகம் மழித்து, நீலச் சட்டையில், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலியில் ஒரு முனகல்கூட இல்லாமல் சட்டை ஏறியிருந்தது. மனைவி மூன்று தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாலே முக்காலுக்கு டிரைவர், “எனக்கு ஒரு மாதிரி இருக்கு. தூங்கறேன்னு சொல்லிடு” என்றார்.

“சட்டையோடவா தூங்குவீங்க?” என்றாள் டிச்சக்கா. “அப்புறம் மறுபடி தேய்க்கணும்.”

அவர் பதில் தேடுவதற்குள் வாசலில், “ரைட், ரைட்!” என்று சத்தம் கேட்டது. மனைவி கதவைத் திறந்துவிட்டார்.

ரைட்டு முன்னால் வந்தார். பின்னால் டிப்போ மெக்கானிக்கும் இன்னொரு டிரைவரும். நாற்காலியைப் பார்த்ததும் ரைட்டு ஒரு கணம் நின்றார். அடுத்த கணம் பாய்ந்து வந்து, “தூங்குமூஞ்சிப் பயலே!” என்று டிரைவரை அப்படியே கட்டிக்கொண்டு, முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார்.

பட், பட், பட், பட். விலாப்பக்கம் ஏழு பட்டனும் வரிசையாகத் திறந்துகொண்டன. சட்டையின் இடது பக்கம் கொடி மாதிரி விரிந்தது. அதன் ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, ரோஜாப்பூ.

மனைவியின் கை வாய்க்குப் போயிற்று. டிச்சக்கா நான்காவது பையைத் தடவினாள். அதில் இருந்த பட்டன் எதற்கும் இப்போது வேலை இல்லை.

“என்னடா இது,” என்றார் ரைட்டு, “உள்ள ரோஜாத் தோட்டம் போட்டிருக்கே?”

டிரைவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். “இது வெறும் வேலிடா. மூணு மாசமா முழுத் தோட்டத்தையும் மாட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன். இவளோட நைட்டி. அதான் கதவைத் திறக்கல.”

முதலில் மெக்கானிக்குக்குத்தான் சிரிப்பு வெடித்தது. அப்புறம் எல்லோருக்கும். ரைட்டு சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, “எங்க, அதைக் கொண்டா, பார்க்கணும்” என்று அடம் பிடித்தார். டிரைவர் அதையும் எடுத்து வரச் சொன்னார். அடிப்பக்கம் கிழிந்த நைட்டி கூடத்தில் கைமாறிக் கைமாறிப் போயிற்று.

சிரிப்பு அடங்கியதும் ரைட்டு பட்டன்களை ஒவ்வொன்றாக மூடித் திறந்து பார்த்தார். “வருஷக்கணக்கா மேல் கம்பியைப் பிடிச்ச கை எனக்கு. இப்ப காதுக்கு மேல போக மாட்டேங்குது. சட்டை போடறதுக்குத் தினம் என் பொண்டாட்டியோட குஸ்திதான். எனக்கும் ஒண்ணு இப்படிப் பண்ணித் தர முடியுமாம்மா?”

“தருவாங்க. வெட்ட மாட்டாங்க, பிரிப்பாங்க” என்றார் டிரைவர். “கேட்டுட்டுத்தான் பிரிப்பாங்க.” சொல்லிவிட்டு டிச்சக்காவை ஓரக்கண்ணால் பார்த்தார்.

திங்கட்கிழமை அவரே அலமாரியைத் திறக்கச் சொன்னார். நான்கு சட்டைகள் மிச்சம் இருந்தன. “மூணைப் பிரிச்சுடு. அந்த வெள்ளை மட்டும் அப்படியே இருக்கட்டும்.”

“சரிண்ணே.”

“ஏன்னு கேக்க மாட்டியா?”

“எதுக்கு? உங்க சட்டை.”

“இனிமே மாசம் ஒண்ணு தேய்ச்சா போதும்” என்று சமையலறையிலிருந்து பழுப்புச் சட்டை போட்ட மனைவி சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், வாசல் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே ரைட்டுவின் ஐந்து சட்டைகள், போன் நம்பர் எழுதிய ஒரு சீட்டு. டிச்சக்கா விளக்கடியில் உட்கார்ந்து, மேலே இருந்ததை உள்வெளியாகத் திருப்பி, கொக்கியைத் தையலில் வைத்தாள். வைத்தவள் எடுத்துவிட்டாள். எழுந்துபோய்ப் போனை எடுத்தாள்.

“அண்ணே, டிச்சு பேசறேன். எந்தக் கை? வலதா? சரி. அஞ்சுல எதைப் பிரிக்காம விடணும்?”

அந்தப் பக்கம் ஐந்து சட்டையையும் ஒவ்வொன்றாக எண்ணும் முணுமுணுப்பு கேட்டது.

“அந்தக் கோடு போட்டது இருக்கட்டும்மா” என்றார் ரைட்டு.