பச்சமுத்து மறைத்த காய்ச்சல்

திருச்செங்கோட்டில் பச்சமுத்துவைவிட நன்றாகப் போர்வெல் போடுகிற ரிக் ஆட்கள் இருக்கலாம். அவரைவிடச் சந்தேகக்காரர் இருக்க வாய்ப்பே இல்லை. பேக்கரியில் டீ குடித்தால்கூட தண்ணீரை எந்தக் குடத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதரை ரிக் லாரி வேலைக்குத் தான்சானியா அனுப்பினால் என்ன ஆகும்?

ஆறாம் மாதம் அங்கே குளிர்காய்ச்சல் வந்தது. கூட வேலை பார்த்த அன்பழகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ், மலேரியா என்று சொல்லி மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தாள். ஊசி இல்லை. ஊசி போடாததெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியா?

"ஏன்டா அன்பு, ஊசி போடாம தொரத்தறாங்கன்னா இதுல என்னமோ இருக்குது. நான் படுத்துட்டா என்ற மிசினை நீ ஓட்டலாம்னு பாக்கறயா?"

"ஐயோ அண்ணா! முழுசாத் தின்னு முடிங்க சாமி. பாதில உட்டா மறுபடியும் வந்துரும்."

அவன் கெஞ்சக் கெஞ்ச இவருக்குச் சந்தேகம்தான் கூடியது. ஒன்றரை நாளில் காய்ச்சல் விட்டதும் மிச்ச மாத்திரையைக் குப்பையில் போட்டார்.

மூன்று வாரம் கழித்து லீவில் ஊர் வந்தார். வந்த நாலாம் நாள் பல் கிட்டிக்க நடுக்கம். பக்கத்து கிளினிக் டாக்டர், "வெளிநாடு எங்கியாச்சும் போனீங்களா?" என்று கேட்டார். பச்சமுத்துவுக்குச் சுரீரென்றது. இவர் எதற்கு இதைக் கேட்கிறார்? கொரோனா சமயத்தில் தகரம் கட்டித் தெருவை அடைத்தார்களே, அப்படி அடைத்துவிட்டால்? விசா போய்விட்டால்?

"எங்கியும் போவலீங்க. ஊட்லதானுங்க இருக்கறேன்."

மனைவி சரிதா வாயைத் திறக்கப் போனாள். ஒரே முறைப்பில் அடக்கிவிட்டார். டாக்டர் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து ஊசி போட்டார். இதல்லவா வைத்தியம் என்று மனுஷனுக்கு ஒரே குஷி!

மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி, பேச்சுக் குழறி, சரிதாவையே பார்த்து "யாரு நீ?" என்றார். அதற்கு மேல் அவள் பொறுக்கவில்லை. முறைப்பாவது மண்ணாவது! ஆம்புலன்சில் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டை டாக்டர் மேசையில் வைத்து, அன்பழகனைப் போனில் பிடித்து நடந்ததை எல்லாம் சொல்லவைத்தாள்.

"அதே மலேரியாதான், மூளை வரைக்கும் போயிருச்சு. இன்னும் ஒரு நாள் போயிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர்.

இரண்டு நாள் கழித்து நினைவு திரும்பியதும் பச்சமுத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் வெளிநாடு போனது இவங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னது?"

"நாந்தானுங்க சொன்னேன்!" சரிதா வெடித்துவிட்டாள். "அந்த மூணு நாளும் உங்களுக்கு எங்கீங்க வைத்தியம் பாத்தாங்க? உங்க பொய்க்குத்தானுங்க பாத்தாங்க!"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். பச்சமுத்துவுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.