டிஸ்கிரிப்ஷன் பெட்டியில் ஒரு வரி

நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்கு நஷ்டமில்லை. எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். வேப்பனப்பள்ளி மாந்தோப்புகளில் கூலிக்குப் போய் அப்பா படிக்கவைத்தார். அந்தப் படிப்பை வைத்து இதற்கு விளக்கம் தேடித் தேடித் தோற்ற பிறகுதான் எழுதுகிறேன். நடந்தது இரவில்கூட இல்லை. பட்டப்பகல். 2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை.

ஓசூர் சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. நான் அங்கே கான்ட்ராக்ட் சிஸ்டம் அட்மின். தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் ராட்சத இயந்திரத்துக்குப் பெயர் பிரஸ். ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு, புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் அதன் பழைய கம்ப்யூட்டரை அப்படியே நகலெடுத்து, சர்வருக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினாகப் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். நான் சேர்வதற்கு முன்பே செய்த வேலை அது.

அன்று காலை மேனேஜர் ராஜப்பன் போன் செய்தார்.

“ஏம்மா, அந்த ஏழாம் நம்பர் மெஷின் பேர செட்டிங்ஸ்ல பன்னெண்டுன்னு மாத்திடு. டிஸ்கிரிப்ஷன்ல என்ன இருந்தாலும் அழிச்சிடு.”

“எதுக்கு சார்?”

“நாளைக்கு ஆடிட். எட்டு மாசமா சும்மா கெடந்த பிரஸ்ஸு, நாளைலேர்ந்து ஓடணும். மங்கம்மாவப் போட்டிருக்கேன். கேள்வி கேக்காம செஞ்சீன்னா அடுத்த மாசம் பர்மனென்ட்டு.”

மங்கம்மா அக்கா கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட். தினமும் எனக்கும் சேர்த்து ஒரு உருண்டை களி கொண்டுவருபவர்.

பகல் 2.10. கேட்டில் வாட்ச்மேன் கங்கப்பன் மட்டும்.

“ஊட்டா ஆயித்தாம்மா? ஞாயித்துக்கெழமகூட வுடமாட்டானா அந்தாளு?”

“சாப்ட்டேன்ணா. உள்ள யாராச்சும் இருக்காங்களா?”

“பிரஸ் ஷாப் மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிப் பூட்டியாச்சு. எலிதான் இருக்கும்.”

சர்வர் ரூமுக்கு மட்டும் யூபிஎஸ். 2.25க்கு அந்த விர்ச்சுவல் மெஷினை நிறுத்தினேன். நிறுத்தினால்தான் பெயரை மாற்ற முடியும். ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கட்டங்கள் சாம்பலாக மங்கிக் கிடக்கும், தொட முடியாது.

செட்டிங்ஸ். ஜெனரல். டிஸ்கிரிப்ஷன் பெட்டியில் ஒரே ஒரு வரி.

‘ஆள் உள்ள இருக்கேன்.’

கடுப்பானது. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவன் எவனோ விளையாடியிருக்கிறான். அழித்தேன். ஓகே கொடுத்தேன்.

2.31. பெயரை மாற்ற மறுபடி திறந்தேன்.

‘ஆள் உள்ள இருக்கேன். கைய எடுக்கல.’

வெளியிலிருந்து எவனோ என் சர்வருக்குள் நுழைந்து வம்பு செய்கிறான் என்று நினைத்தேன். கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். இனி யாராலும் உள்ளே வர முடியாது. அழித்தேன்.

2.38.

‘ஆள் உள்ள இருக்கேன். கைய எடுக்கல. அக்காவ உக்கார வெக்காதீங்க.’

போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பெயரையாவது மாற்றித் தொலைத்துவிட்டு ஓடலாம் என்று கர்சரை வைத்தேன். நுழையவில்லை.

கட்டம் மங்கிக் கிடந்தது. எல்லாக் கட்டமும்... சாம்பல்.

திரையின் ஓரத்தில் பார்த்தேன். மெஷின் ஆஃபில்தான் இருந்தது.

2.46. சுவருக்கு அந்தப் பக்கம்...

விர்ர்ர்ர்...

பிரஸ் சுற்றுகிற சத்தம்.

மெயின் பூட்டியிருக்கிறது.

2.47.

டம்!

ஒரே ஒரு அடி.

பிறகு... ஒன்றுமில்லை.

கங்கப்பன் மூச்சிரைக்க ஓடி வந்தார். “நீயாம்மா ஓட்டுன?”

இரண்டு பேரும் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். மெயின் ஸ்விட்சில் பூட்டு தொங்கியது. பன்னிரண்டு என்று புதிதாக எழுதியிருந்த அந்த ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் தலை, கீழே இறங்கி நின்றது.

“காத்தால பாக்கச்சொல்ல மேலதாம்மா இருந்துச்சு...” என்றார்.

கேட்டுக்கு வெளியே வந்துதான் ராஜப்பனுக்குப் போன் செய்தேன். “பேர மாத்த முடியாது சார்.”

“அப்ப நாளைலேர்ந்து வராத.”

“வரல. மங்கம்மா அக்காவும் அதுல உக்காராது.”

வைத்துவிட்டேன். பர்மனென்ட்டும் போனது, கான்ட்ராக்ட்டும் போனது. அக்காவுக்கு உடனே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“அது ஏழாம் நம்பராடி? பச்ச பெயின்ட்டு அடிச்சி, தள்ளி வெச்சி, பன்னெண்டுன்னு எழுதியிருந்தானுங்க. புதுசுன்னு இல்ல நெனச்சேன்... அது முனிவேலு பிரஸ்ஸு.”

“யாருக்கா முனிவேலு?”

“என் பக்கத்து பிரஸ்ல நின்ன பையன். அக்கா அக்காம்பான். மார்ச்சுல ஒரு ஞாயித்துக்கெழம ஓவர்டைம். கை உள்ள இருக்கச்சொல்ல எறங்கிடுச்சு. ஆளயே இழுத்துடுச்சு, அங்கயே உயிரு போச்சு. சானமாவு ரோட்டுல ஆக்சிடென்ட்டுன்னு எழுதிக்கிட்டானுங்க. எங்க வாயையும் மூடிட்டானுங்க.”

“மணி என்ன இருக்கும்க்கா?”

“கடியாரத்ததான் பாத்தேன். மூணாவ பதிமூணு நிமிசம்.”

திங்கட்கிழமை அக்கா அந்தப் பிரஸ் பக்கமே போகவில்லை.

அன்றிரவு போனில் எடுத்த படத்தைத் திறந்தேன். டிஸ்கிரிப்ஷன் பெட்டி காலி. ஒரு எழுத்துகூட இல்லை. ஆனால் திரையில் அதற்குப் பின்னால் திறந்திருந்த ஜன்னலில் அந்த விர்ச்சுவல் மெஷினின் ஃபைல் தெரிந்தது. பழைய கம்ப்யூட்டரை நகலெடுத்து முடித்த நேரம் அதன் பக்கத்தில் இருந்தது. பிரஸ்ஸை நிறுத்தாமல், ஆளை வைத்து ஓட்டிக்கொண்டே நகலெடுத்திருக்கிறார்கள்.

2025 மார்ச் 9, ஞாயிறு. பகல் 2.47.

அந்த நிமிடம் அந்த மெஷினுக்குள் என்னவெல்லாம் இருந்ததோ... எல்லாமே நகலாகியிருக்கிறது.