டேங்க் தெரிந்தது, மலை தெரியவில்லை

வெப்சைட் செய்து பிழைத்த என் அண்ணன் சகாதேவனிடம் கடைசி வரை பட்டன் போன்தான் இருந்தது. இந்த மாசியில் அவன் போன பிறகு, துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவனுடைய பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்தப் போன்தான் நினைவுக்கு வந்தது.

ரமணாசிரமம் பக்கம், செங்கம் சாலையில் எங்கள் கடை. முன்னால் என் ஜெராக்ஸ் மிஷின், பின்னால் அவனுடைய கம்ப்யூட்டர். அந்த வட்டாரத்து விடுதிகளில் பாதிக்கு வெப்சைட் அவன் கைவேலை. "போன்ல எப்படித் தெரியும்?" என்று யாராவது கேட்டால், பிரவுசர் ஜன்னலின் ஓரத்தை மவுஸால் பிடித்து, போகிற மட்டும் உள்ளே தள்ளுவான். "பாத்தீங்களா, இதான் போன்." அந்த ஜன்னல் ஓரளவுக்கு மேல் சுருங்காது, போன் அதைவிட ஒல்லி என்று நான் சொன்னால், "நீ ஜெராக்ஸப் பாரு" என்பான்.

போன கார்த்திகை தீபத்தில் மாட்டிக்கொண்டான்.

தெருமுனையில் விடுதி நடத்துகிறவர் அருணாதேவி அக்கா. அவருடைய கணவர் ராஜாவுக்கு மஸ்கட்டில் வேலை. தீபத்தன்று ராஜா விரதம் இருப்பார். மலை உச்சியில் தீபத்தைப் பார்த்த பிறகுதான் அவர் வாயில் தண்ணீர் படும். டிவியில் காட்டுவது அவரிடம் செல்லாது. தன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிற தீபம்தான் தீபம். அவர் தங்கியிருந்த இடத்தில் வீடியோ கால் போகாது, வெப்சைட் மட்டும் திறக்கும். அதனால் மாடியில் கேமரா வைத்து, விடுதியின் வெப்சைட்டிலேயே நேரலை காட்டுவதாக அண்ணன் ஒப்புக்கொண்டான்.

முந்தின நாள் சோதனை. அக்கா எங்கள் வாசலிலிருந்தே ஆரம்பித்தார்.

"தம்பி, எங்க வூட்டுக்காரரு பாத்துட்டாரு. மாடியில இருக்கற தண்ணி டேங்க் ரொம்ப நல்லா தெரியுதாம்."

"மலைங்க்கா?"

"டேங்க் முடியற எடத்துல போனும் முடிஞ்சிடுச்சாம். நாளைக்கு அந்த மனுசன் டேங்கப் பாத்து கன்னத்துல போட்டுக்கணுமா?"

அண்ணன் ஜன்னலைத் தள்ளிக் காட்டினான். மலை தெரிந்தது. அக்கா தன் போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். டேங்க் மட்டும்.

வீடியோவுக்கு அவன் கொடுத்திருந்த அகலம் கம்ப்யூட்டருக்கானது. போனில் அது அடங்காமல் வலப்பக்கம் வெளியே போய்விட்டது. மலை இருந்ததும் வலப்பக்கம்தான். அகலத்தைத் திரைக்குத் தக்கபடி மாற்றினான். மலை வந்தது. ஆனால் உயரம் பழையபடியே நின்றதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை.

"உச்சிக்கு மேல எதுக்கு கறுப்பு போர்வ? தீபம் பௌர்ணமிக்குதான வருது, நீ அமாவாசையப் போட்டிருக்க."

"அகலம் கம்மியானா உயரமும் கூடவே கம்மியாவணுங்க்கா. இருங்க."

வீடியோவைச் சுற்றி ஒரு பெட்டி கட்டினான். பதினாறுக்கு ஒன்பது என்ற படத்தின் கணக்கிலேயே பெட்டியின் உயரம் அகலத்தோடு சேர்ந்து கூடிக் குறையும்படி எழுதி, வீடியோவை அதற்குள் நான்கு ஓரமும் ஒட்டி நிற்க வைத்தான். என் போனை வாங்கி நிமிர்த்திப் பிடித்தான், குறுக்கே பிடித்தான். இரண்டிலும் மலை முழுசாக நின்றது.

"இது முன்னாடியே தெரியாதா உனக்கு?" என்றேன்.

"தெரியும். போன் இவ்ளோ ஒல்லின்னுதான் தெரியாது."

மறுநாள் சாலை முழுக்க ஜனம். கடையை விட்டு அசைய முடியவில்லை. அண்ணன் வாசலுக்கு முதுகைக் காட்டி, என் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே "அரோகரா" என்று ஒரே சத்தம் எழுந்தது.

"போச்சு," என்றான். "இங்க ஒண்ணும் காணோம். மறுபடியும் உச்சிய வெட்டிட்டேன் போல."

"ண்ணா, திரும்பிப் பாரு. எரியுது."

"நான் பாத்து என்னா ஆவப்போவுது? அவரு இல்ல சாப்புடணும்."

நேரலை கொஞ்சம் பின்தங்கித்தான் வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். பயத்தில் மறந்துவிட்டான். அப்புறம் போனுக்குள்ளே, உச்சியில் சரியாக அந்தச் சின்னப் பொறி தெரிந்தது. அப்போதும் அவன் திரும்பவில்லை. பட்டன் போனில் அக்கா கூப்பிட்ட பிறகுதான் மூச்சு விட்டான்.

"தம்பி, மெசேஜ் போட்டுட்டாரு. சாப்புட உக்காந்துட்டாராம்."

எழுந்து வாசலுக்கு வந்தான். கூட்டத்துக்கு மேலே எட்டி, கும்பிட்டபடி மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நம்ம வீடியோவுல இன்னும் கொஞ்சம் நல்லா இருந்துச்சு இல்ல?" என்றான்.