சுவருக்கு வெளியே ஒரு ராசிக்காரர்

பொன்மலை ரயில்வே காலனியில் கால்பந்துப் பைத்தியம் பிடிக்காத ஒரு ஆளைக் காட்டு என்றால் சகாயநாதனைத்தான் காட்டுவோம். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எனக்கு இரண்டு வீடு தள்ளி அவருடைய குவார்ட்டர்ஸ். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதனால் சகாயம் அண்ணன். ஷிப்டு முடிந்ததும் சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போவார், யாராவது கொடுத்த ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். பந்து எந்தப் பக்கம் உருண்டால் அவருக்கென்ன? அப்படிப்பட்ட மனுஷனைப் பதின்மூன்று வருஷம் வெளியூர் ஆட்டங்களுக்கு ரயிலேற்றி இழுத்துக்கொண்டு போனோம். இழுத்துப் போனதில் பிலோமின்ராஜ் ஆகிய எனக்கும் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்பதை மறைக்காமல் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கிளப் மார்னிங் ஸ்டார். மாதா பிரார்த்தனையில் 'விடியற்காலத்தின் நட்சத்திரமே' என்று வருகிற பெயர், கோயில் பக்கத்துப் பையன்கள் வைத்தது. உள்ளூரில் எங்களைத் தொட ஆள் கிடையாது. ஈரோடு தாண்டிவிட்டால் கால் பின்னும். ரயில்வே வேலை, கையில் பாஸ் இருக்கிறது என்பதால் ஆட்டக்காரர்களுக்குப் பின்னாலேயே கொடியும் டிரம்முமாக நாங்கள் பத்துப் பேர் போவோம். போய்க் கத்தி, தோற்று, தொண்டை கட்டித் திரும்புவோம். ஆறு வருஷம் இதே கதை.

எழுபத்து மூன்றில் கோலார் தங்கவயலில் ஒரு ஆட்டம். சகாயம் அண்ணனின் தங்கை அங்கே இருந்தாள். அவள் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று அவரும் எங்கள் வண்டியிலேயே வந்தார். விசேஷம் முடிந்து, சேர்ந்து ஊர் திரும்பலாம் என்று இரும்புப் பெட்டியோடு மைதானத்துக்கு வந்து நின்றார்.

"உள்ள வாங்கண்ணே" என்றேன்.

"எனக்கு எதுக்குப்பா அதெல்லாம். மூட்டைய இங்க போட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

மைதானத்துக்கு வெளியே கல் சுவரில் முதுகைச் சாய்த்து, நிழலில் உட்கார்ந்து கடலை உரிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு நாங்கள் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். கத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தால், "முடிஞ்சுதா? யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார்.

அது அதோடு போயிருக்கும். ஸ்ரீரங்கராஜன் விடவில்லை. அவர் டைம் ஆபீஸ் கிளார்க். ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து நெற்றியில் நாமத்தோடு தினமும் பஸ்ஸில் வருகிறவர். எங்கள் கத்தோலிக்கக் கூட்டத்தில் ஒரே வைஷ்ணவர், கத்துவதில் எங்கள் எல்லோரையும் மிஞ்சியவர். "இவர் வந்த வேளைங்காணும்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்து மதுரையில் ஆட்டம். வர மாட்டேன் என்ற சகாயம் அண்ணனை அரைமனதாகச் சம்மதிக்க வைத்துக் கூட்டிப்போய் உள்ளே உட்கார வைத்தோம். இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டோம். ஸ்ரீரங்கராஜன் எழுந்து அவர் முன்னால் வந்து நின்றார்.

"நீர் பார்க்கப்படாது ஓய். அன்னிக்கு மாதிரி மூட்டையோட வெளியில போய் உட்காரும். சுவத்துல முதுகைச் சாய்ச்சுண்டு."

அண்ணன் சந்தோஷமாகவே எழுந்து போனார். இரண்டாவது பாதியில் நாங்கள் மூன்று கோல் போட்டோம். அவர் தலையெழுத்து அன்றைக்கே எழுதியாகிவிட்டது.

ராசி என்ற வார்த்தையை நாங்கள் காலனிக்குள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பங்குச்சாமியார் காதில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கிழித்துவிடுவார். "மாதா கிருபை, அண்ணன் வெளியில இருக்காரு" என்போம். பெயர்தான் வேறு.

அவரும் தப்பிக்கப் பார்க்காமல் இல்லை. காய்ச்சல் என்பார். ஸ்ரீரங்கராஜன் தெர்மாமீட்டரோடு வந்து நிற்பார். ஒரே ஒரு தடவை, மனைவி லூர்துராணி அக்காவைக் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போய்விட்டார். அந்த வாரம் குண்டக்கல்லில் நாலு கோல் வாங்கித் தோற்றோம். அதற்கப்புறம் இரண்டு மாதம் காலனியில் எதிரே வந்தவனெல்லாம், "வேளாங்கண்ணி நல்லா இருந்துச்சாண்ணே?" என்று கேட்டான். கேட்ட விதம் இருக்கிறதே, அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம். பிறகு அவர் எங்கும் போகவில்லை. வருஷத்துக்குக் கிடைக்கிற பாஸெல்லாம் எங்களோடுதான் தீர்ந்தது.

"ஊர் ஊராப் போறாரு, மேட்ச் எப்படின்னு கேட்டா சுவரு நல்லா இருந்துச்சுங்கறாரு" என்று லூர்துராணி அக்கா தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

நடந்த கூத்து என்னவென்றால், முதுகுக்குப் பின்னால் அத்தனை வருஷம் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவருக்கு ஆட்டத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. "பத்து நிமிஷத்துல ஒரு சத்தம் வந்துச்சே, அது போஸ்ட்ல பட்டதுதானே?" என்று கேட்பார். சரியாக இருக்கும். திரும்பி வருகிற வண்டியில் நாங்கள் கோலைப் பற்றிப் பேசினால் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளூர் ஆட்டமாவது பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அந்த வாசலையும் ஸ்ரீரங்கராஜன் அடைத்துவிட்டார். இங்கே பார்த்தாலும் அங்கே கெட்டுவிடுமாம்.

எண்பத்தொன்றில் ஒருநாள் கேன்டீனில் என்னிடம் மட்டும் கேட்டார்.

"தம்பி, ஒரே ஒரு தடவை உள்ள உக்காந்து பாக்கணும்பா. ஒரு கோல் விழறதப் பாத்தாப் போதும்."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ண்ணே" என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ராசியில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அவர் உள்ளே வந்துவிட்டால் மூட்டைக்கு யார் காவல்? பத்துப் பேரில் ஒருத்தன் வெளியே உட்கார வேண்டும். கூட்டத்தில் வயதில் சின்னவன் நான்தான்.

அடுத்த வருஷம் கோழிக்கோடு. பாக்கு மரங்களைக் கட்டிச் செய்த கேலரி, சுற்றிலும் ஓலைத் தட்டி. இரண்டாவது பாதி தொடங்கி வெகுநேரமாகியும் கோல் இல்லை. கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, ஒரு சோடா குடிக்கலாம் என்று வெளியே வந்தேன். சகாயம் அண்ணன் தன் இரும்புப் பெட்டி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். ஓலையை இரண்டு கையாலும் விலக்கி, அந்த இடுக்கில் முகத்தை வைத்திருந்தார். அப்போது உள்ளே கேலரியே ஆடுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. கோல். எங்கள் கோல். அவர் தோள் இரண்டும் குலுங்கின. மெதுவாக இறங்கித் திரும்பினவர் என்னைப் பார்த்துவிட்டார். கண் நிறைந்திருந்தது. தட்டியில் முதுகைச் சாய்த்து, பழையபடி உட்கார்ந்துகொண்டார்.

ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்தோம். கோல் போட்டவன் கிளமென்ட். திரும்புகிற வண்டியில் அவன் எந்தக் காலால் அடித்தான் என்று பெரிய தகராறு. வலது கால் என்று ஸ்ரீரங்கராஜன் சத்தியம் செய்தார். எதிர் சீட்டில் இருந்த சகாயம் அண்ணன் என்னை மட்டும் பார்த்து, யாருக்கும் தெரியாமல் தன் இடது தொடையை இரண்டு தடவை தட்டிக் காட்டினார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஒரு வாரம் கழித்து ஒர்க்‌ஷாப் வாசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"தம்பி, நான் பாத்தேன், நாம ஜெயிச்சோம். அப்ப ராசி கீசியெல்லாம் சும்மாதானே? நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நான் பாத்தத நீ கண்ணால கண்டேன்னு சொல்லுப்பா, போதும். நான் உள்ள வந்துருவேன்."

ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோடா பாட்டிலோடு அந்த வெயிலில், மூட்டைகளுக்கு நடுவில் நானே உட்கார்ந்திருப்பதுதான் கண்ணுக்குள் நின்றது.

"நான் எதையும் பாக்கலண்ணே. சோடா குடிக்கத்தான் வெளிய வந்தேன்."

"சரிப்பா" என்று சைக்கிளில் ஏறிப் போனார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. அடுத்த பயணத்துக்கு ஸ்டேஷனில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றதும் அவர்தான். இன்னும் நாலு வருஷம் அப்படியே போனது. ஓலைத் தட்டி, செங்கல் சுவர், தகர வேலி. அவர் முதுகு படாத மைதானம் தென்னாட்டில் பாக்கி இல்லை.

எண்பத்தாறில் ரிடையர் ஆனார். அந்த வருஷம் மறுபடி தங்கவயலில் ஆட்டம் விழுந்தது. இனி வர மாட்டார் என்று எல்லோருக்கும் கவலை. ரிடையர் ஆனவர்களுக்குக் கிடைக்கிற பாஸை எழுதி வாங்கிக்கொண்டு தானாகவே வந்தார். அதே கல் சுவர். வழக்கம்போல் மூட்டைகளை இறக்கினோம். அவர் உட்காரவில்லை.

"இடுப்பு வலிக்குதுப்பா. இனிமே தரையில உக்கார முடியாது. கேலரியில உக்காந்துக்கறேன்."

ஸ்ரீரங்கராஜன் பதறிப்போனார். "அப்போ ராசி என்னத்துக்கு ஆறது ஓய்?"

"அது என்கிட்ட மட்டும் இல்லீங்க சாமி" என்றார் சகாயம் அண்ணன், நிதானமாக. "கோழிக்கோட்டுல கோல் விழுந்தப்ப நம்ம பிலோமினும் வெளியிலதான் நின்னான். அவன் வந்து நின்ன நிமிஷத்துலதான் விழுந்துச்சு. நான் இத்தனை நாளா யாருகிட்டயும் சொல்லல."

"ஆமாம்! அப்போ பிலோமினை உள்ளே காணோமே" என்றார் ஸ்ரீரங்கராஜன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு அண்ணன் ஓலையை விலக்கிப் பார்த்தார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதை நாலு வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். மூடிக்கொண்டேன். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். கல் சுட்டது.

அண்ணன் தன் பெட்டியை என் பக்கத்தில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து கடலைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"திரும்பிப் பாத்துடாத தம்பி. ராசி போயிடும்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். நடையில் இடுப்பு வலி தெரியவில்லை. விசில் ஊதினார்கள். வெகுநேரம் கழித்து என் முதுகுக்குப் பின்னால் பெரிய சத்தம் ஒன்று எழுந்தது. அதில் ஒரு கிழக்குரல் மட்டும் எல்லோரும் நிறுத்திய பிறகும் "கோல், கோல்" என்று நிற்காமல் கத்திக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. யார் போட்டது, எந்தக் காலால் போட்டது, எனக்கு ஒன்றும் தெரியாது. கடலையை உரித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கும் நாங்கள்தான் ஜெயித்தோம்.