கைகோர்வைக்கு வெல்லப்பாகு

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் பம்பாயில் அணு ஆராய்ச்சிக்கூடத்தில் நொதிகளைக் கொன்றுகொண்டிருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த நொதியைத் தண்ணீரில் கரைத்து, கதிர்வீச்சில் வைத்து, எவ்வளவு பிழைத்தது என்று பார்ப்பது என் வேலை. பெரியவர்கள் செய்கிற வேலைதான் அது, நம்புங்கள்.

மலையாள எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் ஊரான வடகரப்பதியில் யாரும் நம்பவில்லை. அணு என்றாலே ஊரில் குண்டுதான். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மாப்பிள்ளையின் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் கைகோர்வை என்று ஒரு சீர் உண்டு. பெண்ணின் உடன்பிறந்தானும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து கைகோர்த்துக்கொள்ள வேண்டும். மங்கல வாழ்த்துப் பாடி முடியும்வரை விடக் கூடாது. அது சட்டென்று முடிகிற பாட்டும் அல்ல.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. உங்க கையில இருக்கறது எங்க பையனுக்கு ஒட்டிக்குமுங்களா? வேணும்னா உங்க பெரியப்பா பையன உக்கார வெச்சுப் போடலாமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. இருப்பது ஒரே தங்கை. அந்த மணையில் பெரியப்பா மகன் உட்காருவதா? கோபத்தில், செய்யவே கூடாத காரியத்தைச் செய்தேன். விளக்கினேன்.

"கதிரு நேரா நொதி மேல படறது கம்மிங்க. சுத்தியும் தண்ணிதானுங்களே, அதுமேலதான் படும். தண்ணி ஒடையும். ஒடஞ்ச துண்டுக கண்ணிமைக்கறதுக்குள்ள கெடச்சதக் கடிச்சுப் போட்டு அடங்கிருமுங்க. நொதி கெடச்சா நொதி காலி. அதெல்லாம் அங்கயே முடிஞ்சிரும். எங்கையில ஒண்ணுமே இல்லீங்க."

அவர் மோவாயைத் தடவினார். "நம்ம ஒடம்புல முக்காவாசி தண்ணிதான்னு பத்திரத்துல போட்டிருந்துதுங்களே?" மலையாளப் பத்திரிகையை வரிவிடாமல் படிக்கிறவரோடு யார் வாதாடுவது?

உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது. "எங்கண்ணன்தான் உக்காரோணும். இல்லீன்னா இந்தக் கண்ணாலமே வேண்டாம்!" அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தடுக்கறதுக்கு வழியே இல்லீங்களா?" என்றார் சித்தப்பா.

வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். "இருக்குதுங்க. தண்ணியில சக்கரையக் கரைச்சு வெச்சா துண்டுக பாதி அதுமேல பாஞ்சிரும். நொதி தப்பிச்சுக்கும்."

அவர் முகம் தெளிந்தது. காபிகூடக் குடித்துவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் கையில், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வெல்லப்பாகு. பூசிவிட்ட சித்தப்பா பக்கத்திலேயே காவல் நின்றார். நான் கையைக் கோர்த்தேன். பாட்டு தொடங்கியது. எறும்புகளும் பந்தல்காலிலிருந்து இறங்கி வந்தன. பெண்வீடு, மாப்பிள்ளைவீடு என்ற பேதம் பாராமல் கடித்தன. மாப்பிள்ளையின் கண்ணில் நீர் கட்டியது. தங்கமான பையன், இவ்வளவு உருகுகிறானே என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கையை மட்டும் அவர் விடவில்லை. அவரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

பாட்டு முடிந்தது. கைகள் பிரியவில்லை. பாகு இறுகிவிட்டிருந்தது. யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"தண்ணி ஊத்தாதீங்க!" சித்தப்பா அலறினார். "அதுலதானுங்க வெனையே!"

பந்தலே நின்றுபோனது. ஒருவர் நல்லெண்ணெய் என்றார். இன்னொருவர் விளக்கெண்ணெய் என்றார். நான் விளக்கப் போனேன். அப்பா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். யாராவது ஒருத்தர் அபசகுனம் என்று வாயெடுத்தால் போதும், என் தங்கையின் வாழ்க்கை என்னால் கெட்டது என்று ஆகிவிடும்.

மாலையும் கழுத்துமாகத் தங்கை எழுந்தாள். சொம்பைப் பிடுங்கி, எங்கள் கைமேல் மொத்தமாகக் கவிழ்த்தாள். சித்தப்பா பின்னால் துள்ளினார். பாகு கரைந்தது, கைகள் பிரிந்தன. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எறும்பு கடித்துச் சிவந்த வெறும் கை.

மாப்பிள்ளை அந்த ஈரக் கையை நீட்டி, என் கையை மறுபடி கோர்த்துக்கொண்டார்.

"இப்ப எறும்பு இல்லீங்க மச்சான்," என்றார். "இன்னொருக்கா பாடச் சொல்லுங்க."