ஈரச் சாக்கு

தண்ணிக் கொத்தனார் என்றால்தான் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். கடலோர வெயிலில் கட்டின சுவர் தண்ணீர் காணாவிட்டால் வெடித்துப் பல்லிளித்துவிடும். அதனால் சுவர் எழுப்பியதும் சாக்கை நனைத்துப் போர்த்துவார். காய்ந்தால் மறுபடி நனைப்பார். "பெத்த பிள்ளைக்குக்கூட இந்த மனுஷன் இப்படித் தண்ணி குடுத்ததில்ல" என்று, அவரிடமே சித்தாளாக இருந்த மனைவி கேலி செய்வாள்.

ஒரு வருஷம் கடலோரத்தில் மழை பிடித்துக்கொண்டு விடவேயில்லை. வேலை படுத்துவிட்டது. அதே சமயம் உள்ளே, மேட்டு நிலத்தில் சொட்டு மழை கிடையாது, கட்டட வேலை மும்முரம் என்றார்கள். ஒரே நாடுதானே, எங்கே போனாலும் சுவர் சுவர்தானே என்று மனைவியின் தம்பியைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினார்.

"அவன் குளிர் தாங்க மாட்டான், பாத்துக்குங்க" என்று மனைவி வீட்டிலிருந்த ஒரே போர்வையைக் கட்டிக் கொடுத்தாள்.

மேட்டில் பகல் வெயில் சுள்ளென்றுதான் அடித்தது. பொழுது சாய்ந்தால் குளிர் எலும்பைக் கடித்தது. ஆளுயர மதில் ஒன்றை எழுப்பி முடித்த மாலை, அந்தக் கட்டடத்துக் காவல்காரர் ஒரு கட்டுச் சாக்கைக் கொண்டுவந்து போட்டார்.

"போறதுக்கு முன்னாடி சுவத்த மூடிட்டுப் போங்க."

கொத்தனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பாத்தியா மாப்ள, இங்கயும் நம்ம வழக்கம்தான்!" என்றார். சாக்குகளைத் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்டப் போர்த்தினார். அது சுவரில் உறைபனி ஏறாமலிருக்கக் காய்ந்தபடியே போர்த்துகிற சாக்கு என்று அவருக்குத் தெரியாது. அதைப் போய் ஒருவன் நனைப்பான் என்று காவல்காரருக்குக் கனவிலும் தோன்றியிருக்காது.

காலையில் சாக்குகள் பலகையாக விறைத்திருந்தன. கரண்டியால் தட்டினார், சுவர் கல்லாக நின்றது. தன் தண்ணீர்தான் வேலை செய்திருக்கிறது என்று பூரித்துப்போனார். பாவி மனுஷன். உறைந்த தண்ணீர் பிடித்து நிறுத்தியிருந்த சுவர் அது.

வெயில் ஏறியது. மைத்துனன் டீயோடு போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"மாமா, இங்க வாங்க, இதமா இருக்கு."

கொத்தனார் கை கழுவிக்கொண்டு திரும்புவதற்குள் சுவர் அவன் மேல் சரிந்துவிட்டது.

செங்கல்லை அள்ளி எறிந்தபோது கலவை சேறாக விரலில் ஒட்டியது. காவல்காரர் ஒரு சாக்கைத் தூக்கிப் பார்த்தார். "இதையா நனைச்சீங்க?" என்றார். சாக்கைக் கீழே போட்டுவிட்டுத் தானும் செங்கல்லை அள்ளினார். அவர் திட்டியிருக்கலாம். அக்கா கொடுத்தனுப்பிய போர்வையால்தான் தம்பியை மூடினார்கள்.

மனைவியிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. அவள் கத்தவுமில்லை, அதன்பிறகு அவர் முகத்தைப் பார்க்கவுமில்லை.

மழை நின்று கடலோரத்தில் வேலை தொடங்கியது. பகலெல்லாம் சுவர் எழுப்புவார். தண்ணீர் விட வேண்டிய நேரம் வந்தால் கை ஓடாது. சுவர்கள் வெடித்தன. "இன்னொரு சுவர் வெடிச்சா நீ இந்தப் பக்கமே வராதே" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

அன்று மாலையும் காய்ந்த சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செங்கல் சுமந்துகொண்டிருந்த மனைவி சும்மாட்டை எறிந்துவிட்டு வந்தாள். சாக்கைப் பிடுங்கித் தொட்டியில் முக்கினாள்.

"இங்க நனைக்கலாம்" என்றாள். "இங்க நனைச்சா யாரும் சாக மாட்டாங்க."

சொட்டச் சொட்டச் சுவருக்குப் போர்த்தினாள். அப்போதும் அவர் பக்கம் திரும்பவில்லை.