பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி

என் முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பு, 'நவீன ஐரோப்பியத் தத்துவத்தில் நம்பிக்கை.' சிரிக்க வேண்டாம். பதிவு செய்த காலத்தில் எனக்கு உண்மையிலேயே அது இருந்தது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டி பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள். அந்த இரைச்சலில் உட்கார்ந்துகொண்டு, அரைப் பக்கத்துக்கு நீளும் ஒரு ஜெர்மானியரின் வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டிருப்பேன். அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, மில் வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். எனக்கு வரன் வந்தபோதெல்லாம், "அவ காலேஜ் வேலைக்குப் போன பொறவு பாப்போம்" என்று திருப்பி அனுப்பினார்.

அந்த வேலை வானத்திலிருந்து குதிக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஆய்வு செய்த கல்லூரியில் என் நெறியாளர்தான் தத்துவத் துறையின் கடைசிப் பேராசிரியர். "நான் ரிட்டயர் ஆனா இந்த இடம் உங்களுக்குத்தாம்மா" என்று அவர் சொல்லியிருந்தார். வேறு எங்கே போய் விண்ணப்பிப்பது? எங்கள் பக்கம் தத்துவத் துறை வைத்திருக்கும் கல்லூரியைத் தேடினால் கண்தான் வலிக்கும். ஆகவே அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். தலைமுடி நரைக்கத் தொடங்கியபோதும் விடவில்லை.

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. எங்கள் பல்கலைக்கழகங்களில் இது பொதுத் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். கேட்டால் ஆய்வாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். யாரும் வில்லங்கமாகக் கேட்டுவிடக் கூடாதே என்று, இளைய ஆய்வாளர்கள் இருவரிடம் சுலபமான கேள்விகளை நாமே எழுதிக் கொடுத்துவிடுவதும் வழக்கம். நானும் கொடுத்திருந்தேன். தேர்வாளருக்குப் பொன்னாடை, பால்கோவா, மதியச் சாப்பாடு எல்லாம் தயார். கல்யாண வீடு தோற்றுப்போகும்.

கூடத்துக்குள் நுழையப் போகும்போது நெறியாளர் என்னைத் தனியே அழைத்தார். "அந்த போஸ்ட்டை வணிகவியலுக்கு மாத்திட்டாங்கம்மா. துறையையே மூடுறாங்க. நேத்துதான் எனக்கே தெரியும். மனசுல வச்சுக்காம நல்லாப் பண்ணுங்க" என்றார். மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அவரோ அழுதுவிடுவார் போல நின்றார். அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. அப்பா, அம்மா, தளவாய்புரத்து அத்தை, சித்தி என்று எல்லோரும் பட்டுப் புடவையும் வெள்ளை வேட்டியுமாக இறங்கினார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்து, "ஏட்டி, சாப்பிட்டியா இல்லியா?" என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

ஆங்கிலத்தில் பேசினேன். மனிதன் நாளையை நோக்கி வாழ்பவன், எதிர்பார்ப்பு இல்லாமல் அவனால் ஓரடி எடுத்து வைக்க முடியாது என்றெல்லாம் என் வாய் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. உள்ளே ஒன்றும் இல்லை. இதை எழுதவா இத்தனை வருஷத்தைத் தொலைத்தேன்? பின்வரிசையில் அப்பா முதுகு வளையாமல் உட்கார்ந்து, ஒரு சொல்லும் புரியாமல், கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுதிக் கொடுத்த கேள்விகள் வந்தன. எழுதி வைத்த பதில்களைச் சொன்னேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல மனிதர். பட்டுப் புடவைகளைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறி, "வந்திருக்கும் பெரியவங்க யாராவது கேட்கலாம்" என்றார். அது மரியாதைக்குச் சொல்வது. யாரும் கேட்பதில்லை. ஆனால் சபையில் ஒருவர் மதித்துக் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது எங்கள் ஆட்களுக்கு மரியாதைக் குறைவு. அப்பா எழுந்தார்.

"ஐயா, நான் பிள்ளையோட தகப்பன். ஒண்ணு கேக்கணும். எம்மக இதுக்குப் பொறவு இந்தக் காலேஜுலயே வேலைக்கு வந்துருவாள்லா?"

சிலர் சிரித்தார்கள். தேர்வாளரும் புன்னகையோடு, "விதிப்படி ஆய்வாளர்தான் பதில் சொல்லணும்" என்று மைக்கை என் பக்கம் தள்ளினார். நெறியாளர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய் சொல்லியிருக்கலாம். காலையில் அம்மாவிடம் சொன்னேனே, அதைப் போல. ஆனால் அப்பா பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.

"இல்லப்பா. அந்த வேல இல்லன்னு ஆயிருச்சு. இப்பத்தான் சொன்னாவ."

மைக்கில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அப்பா "சரி தாயி" என்று சொல்லி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிக்கையை வாசித்தார். எல்லா அறிக்கைகளிலும் வருகிற வாசகம்தான். பார்வையாளர்கள் எழுப்பிய அனைத்துக் கேள்விகளுக்கும் ஆய்வாளர் நிறைவாகப் பதிலளித்தார், பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தை அவர் தொடையில் தட்டிச் சொன்ன பிறகு, அப்பாவும் கை தட்டினார்.